தற்காலிகம் என்றால் எதுவரை? நெடுஞ்சாலைத் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு நில உரிமை வாங்கும் பிரிவில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தப் படிவம் 11 நாளாக என் மேஜை மேல் கிடக்கிறது. மூன்று தடவை படித்துவிட்டேன். கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறான் என்று உங்கள் கோப்பில் என் பெயருக்கு நேரே யாராவது எழுதியும் வைத்திருக்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாலைக்கு எதிரி இல்லை. இப்போதுள்ள குறுகல் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே ஊர்ந்து போனதை நானும் நின்று பார்த்தவன்தான். இடம் தருகிறேன். ஆனால் உங்கள் கள அலுவலர் வரப்பில் நின்று வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று. அவர் சொன்னதை அப்படியே எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். என்னைப் போல இன்னும் பல பேர் இதே படிவத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

சாலை ஓடப்போகும் துண்டை நீங்கள் கிரயமாகவே வாங்கிக்கொள்கிறீர்கள், அதில் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. பிரச்சினை அதற்கு இரண்டு பக்கமும் நீங்கள் கேட்கும் பாத்தியத்தில். வக்கீல்கள் ஈஸ்மென்ட் என்பார்கள், பழைய பத்திரங்களில் 'வண்டிப்பாதை பாத்தியம்', 'நீர்ப்போக்கு பாத்தியம்' என்று வருமே, அந்த வகை. நிலம் என் பேரிலேயே இருக்கும், வரியை நானே கட்டுவேன், ஆனால் சொன்ன காரியத்துக்கு நீங்கள் அதைப் பயன்படுத்தும்போது நான் குறுக்கே நிற்கக் கூடாது. ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. ரோமர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே, கி.மு. 450 வாக்கில், அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகும் வண்டிப்பாதைக்கு நேரான இடத்தில் 8 அடி, திருப்பத்தில் 16 அடி என்று அகலம் குறித்திருந்தார்கள். மாடு பூட்டிய வண்டி வளைந்து திரும்ப எவ்வளவு இடம் பிடிக்கும் என்று யோசித்து, அதை எண்ணாகவும் எழுதிவிட்டார்கள். உங்கள் படிவத்தில் 'பணிக்குத் தேவையான அளவு' என்று இருக்கிறது. தேவையான அளவு என்பது யாருக்கு எவ்வளவு?

முதலில் தற்காலிகக் கட்டுமானப் பாத்தியம். வண்டிகள் வந்துபோக, ஜல்லியும் மண்ணும் கொட்டிவைக்க, ரோலர் திரும்ப, வேலை நடக்கும்வரை மட்டும் ஒரு பட்டை இடம். கேட்கும்போது சாதாரணமாகத்தான் தெரிகிறது. படிவத்தில் காலம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: 'பணி தொடங்கும் நாள் முதல் பணி நிறைவுறும் வரை.' எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று ஒரு தேதியும் கிடையாது. ஒப்பந்ததாரர் பாதியில் ஓடிப்போனால், மறு டெண்டர் விட்டால், வழக்கு வந்தால், மழை பிடித்துக்கொண்டால், அத்தனை காலமும் என் இடம் உங்கள் 'தற்காலிகத்தில்' மாட்டிக்கொண்டிருக்கும். நான் அதில் விதைக்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. என் அப்பா காலத்தில் வேறொரு சாலையை அகலப்படுத்தியபோது இதே சொல்லை நம்பி ஒரு ஓரத்தைக் கொடுத்தார். ஒரு போகம் தவறும், அவ்வளவுதான் என்றார்கள். மூன்று போகம் போனது. ஜல்லிக் குவியலும் தார் டிரம்மும் டிப்பர் லாரிகளின் தடமுமாகக் கிடந்தது அந்த ஓரம். ஒருவழியாகக் காலி செய்துவிட்டுப் போனபோது 'சமன் செய்து ஒப்படைக்கப்பட்டது' என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். சமன்தான், பொய் சொல்லவில்லை, கேரம் போர்டு மாதிரி சமன். அப்பா உழுதார், கொழு உள்ளே இறங்காமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த மழைக்குத் தண்ணீர் அங்கே மட்டும் நான்கு நாள் நின்றது. பயிர் முளைத்தது, முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. ஒரு செடியைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டிப் பார்த்தோம். ஒரு சாணுக்குக் கீழே தட்டுப் போல ஒரு இறுக்கம். வேர் அதுவரை நேராக இறங்கி, அங்கே முட்டி, பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தது. அந்த வேரின் வளைவு இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. அந்தத் துண்டு பழைய நிலைக்கு வர எத்தனை வருஷம் பிடித்தது என்று எண்ணுவதையே பிறகு விட்டுவிட்டோம்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. சாலைப் பொறியாளருக்கு மண் இறுக வேண்டும், அதுதான் அவர் தொழில். ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது வரும்வரை உருட்டு என்பது சாலை வேலையில் வெகு சாதாரணமான நிபந்தனை. அந்த உச்ச அடர்த்தியைக் கண்டுபிடிக்கப் பிராக்டர் சோதனை என்று ஒன்றை 1930-களிலிருந்து செய்துவருகிறார்கள். பயிருக்கு வேண்டியது நேர் எதிர். மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் புகுந்து போக இடைவெளி வேண்டும். பாரமான வண்டி ஈர மண்ணில் ஏறினால் இறுக்கம் கலப்பை எட்டாத ஆழம்வரை போய்விடும், மேலே சும்மா கீறிவிட்டால் போகாது. ஆகவே 'சமன் செய்து' என்ற இரண்டு சொல்லை அடித்துவிடுங்கள். வேலைக்கு முன் மேல்மண்ணை, நிலத்தைப் பொறுத்து 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை, தனியாக வழித்துத் தனியாகக் குவித்து வைப்போம், அடிமண்ணோடு கலக்க மாட்டோம், முடிந்ததும் அடிமண்ணை ஆழமாகக் கீறிவிட்டு மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவோம் என்று எழுதுங்கள். இதை உங்கள் பொறியாளரிடம் கேட்டால் செய்யக்கூடியதுதான் என்பார், ஏனென்றால் மண்ணுக்கு அடியில் குழாய் பதிக்கும் வேலைகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

அப்புறம் தேதி. இத்தனை மாதம் என்று ஒரு எண், அதற்கு மேல் போனால் மாதத்துக்கு இவ்வளவு கூடுதல் தொகை, எப்படியிருந்தாலும் இன்ன தேதியோடு பாத்தியம் தானாகவே முடிந்துவிடும் என்று ஒரு வரி. தாமதத்துக்கு விலை இல்லாதவரை தாமதம் யாரையும் உறுத்தாது.

நிரந்தரப் பாத்தியத்துக்கு வருகிறேன். சரிவுக்கும் வடிகாலுக்குமாகக் கேட்கிறீர்கள். நீங்கள் கொடுத்த வரைபடம் மேலேயிருந்து பார்த்தது, அதில் நீளமும் அகலமும் இருக்கிறது, உயரம் இல்லை. உயரம் தெரியாமல் சரிவைப் பற்றி நான் என்ன புரிந்துகொள்வது? சாலை என் நிலத்துக்கு மேலே 3 மீட்டர் கரையில் போகிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு இரண்டு சரிவு, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் வெளியே, என்றால் கரையின் அடி ஒரு பக்கம் 6 மீட்டர் வெளியே வரும். வழிதவறி இறங்கும் வண்டி குப்புறக் கவிழாமல் சமாளிக்கட்டும் என்று ஒன்றுக்கு நான்காகத் தாழ்த்தினால் 12 மீட்டர். அதே சாலை, அதே உயரம், எனக்குப் போகும் இடம் மட்டும் இரட்டிப்பு. பாதுகாப்புக்காக என்றால் 12 மீட்டரே இருக்கட்டும், நான் சண்டை போட மாட்டேன். குறுக்குவெட்டு வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் என்கிறேன். உங்கள் ஆட்கள் நட்டுப்போன ஆரஞ்சு நாடா கட்டிய குச்சிகளில் இரண்டைக் காற்றோ மாடோ சாய்த்துவிட்டது. எல்லை அந்தக் குச்சியில் இருக்கக் கூடாது. ஆயத்தொலைவுகளோடு, சதுர மீட்டர் கணக்கோடு, பத்திரத்தின் இணைப்பில் இருக்க வேண்டும்.

தண்ணீர் இதைவிடப் பெரிய விஷயம். இப்போது மழை பெய்தால் மேட்டு நிலத்துத் தண்ணீர் ஒரு விரல் ஆழத்துக்கு விரிந்து பரவி, யாருக்கும் தெரியாமல் தாழ்வை நோக்கிப் போய்விடுகிறது. நீங்கள் குறுக்கே ஒரு கரை எழுப்பிவிட்டு, நடுவில் இரண்டு குழாய் வைப்பீர்கள். பரவி வந்த தண்ணீர் முழுவதும் அந்த இரண்டு வாய்க்கு ஓடிவரும். இந்தப் பக்கம் குழாயின் அடிப்பகுதி என் நிலத்தைவிட ஒரு ஜாண் உயரமாகிவிட்டால் என் வயல் குளம். அந்தப் பக்கம் பீச்சியடிக்கும் வேகத்தில் பக்கத்துக்காரரின் மண் பள்ளமாக அரித்துக்கொண்டு போகும். குழாய் எங்கே, என்ன விட்டம், எந்த மட்டத்தில், அடைத்துக்கொண்டால் யார் தூர்வாருவது, இது நான்கும் ஒப்பந்தத்தில் வரட்டும். 'வடிகால் வசதி செய்து தரப்படும்' என்ற வரி எந்த மழைக்கும் தாங்காது.

இன்னொரு வரி 7-ம் பத்தியின் கடைசியில் ஒளிந்திருக்கிறது. 'மற்றும் இது தொடர்பான பிற பொதுப் பயன்பாடுகளுக்கும்.' இரண்டாவது முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. இன்றைக்குச் சரிவுக்காகக் கொடுக்கும் பட்டையில் நாளைக்குக் கேபிள் போகலாம், எரிவாயுக் குழாய் போகலாம், அந்த உரிமையை நீங்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாற்றியும் கொடுக்கலாம், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. நிரந்தரப் பாத்தியம் என்பது என்னோடு போய்விடுகிற சமாச்சாரமா? நிலத்தோடு ஒட்டிக்கொண்டு என் பிள்ளைகளிடம் போகும், அவர்கள் விற்றால் வாங்கினவனிடம் போகும். என்றைக்கோ ஒருநாள் அந்த வில்லங்கத்தைப் பார்த்து ஒருவன் விலையைக் குறைத்துக் கேட்கும்போது நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன். எதற்கு வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள், வேறு தேவை வந்தால் வேறாகக் கேளுங்கள்.

அதேபோல, சாலையை நாளை வேறு பக்கம் மாற்றிவிட்டால் பாத்தியம் தீர்ந்தது என்ற வரியும் வேண்டும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 1875-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ரயில்பாதைக்குக் கொடுத்த நிலப் பட்டை ஒன்று, ரயில் நின்றுபோன பிறகு அரசுக்கா, நிலத்துக்காரருக்கா என்ற வழக்கு 2014-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. அது வெறும் ஈஸ்மென்ட்தான், கைவிட்டதும் அற்றுப்போயிற்று, நிலம் நிலத்துக்காரருக்கே என்று தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு வரி ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்திருந்தால் அத்தனை தூரம் அலைந்திருக்க வேண்டாம்.

தொகையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், அது தனிப்பேச்சு. நீங்கள் எடுக்கும் பட்டையின் பரப்பைப் பெருக்கி ஒரு விலை போட்டிருக்கிறீர்கள். முழு நிலத்துக்கும் முன்பு என்ன மதிப்பு, நீங்கள் எடுத்த பின் மீதிக்கு என்ன மதிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் இழப்பு. கிணறு சாலைக்கு அந்தப் பக்கமும் வயல் இந்தப் பக்கமும் நின்றுபோனால் பரப்பு குறையவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கரைக்கு அடியில் ஒரு குழாய் விட்டுக்கொடுத்தால் அந்த இழப்பில் பாதி தீர்ந்துவிடும், பணமாகக்கூடத் தர வேண்டாம். நிலத்தின் பேரில் வங்கிக் கடன் இருப்பவர்களுக்கு வங்கியின் ஒப்புதல் இல்லாமல் இந்தக் கையெழுத்து செல்லுமா என்பதையும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். குத்தகைக்குப் பயிர் வைத்திருப்பவர் பெயர் உங்கள் தாளில் எங்குமே இல்லை, அழியப்போவது அவர் பயிர்.

எங்கள் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் கல் நட்ட மறுவாரமே கன்று நட்டவர்கள் எங்களிலும் உண்டு. ஒற்றைச் சுவரை வீடு என்று காட்டியவரும் உண்டு. ஒரு ஆள் கையெழுத்துக்காக முழுத் திட்டமும் காத்து நிற்பது உங்களுக்கு எவ்வளவு தலைவலி என்று தெரியும், அதை வைத்தே விலை ஏற்றலாம் என்று என்னிடமே யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன்பே இரண்டு பேரும் சேர்ந்து நடந்து ஒவ்வொரு மரத்தையும் சுவரையும் கிணற்று உறையின் விரிசலையும் தேதியோடு வீடியோ எடுத்துவிடுவோம். ரோலர் அதிர்வில் விரிசல் விட்டதா, முன்பே இருந்ததா என்று பிறகு யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்ல வேண்டியிருக்காது. இந்த வீடியோ உங்களைவிட எங்களில் சிலருக்குத்தான் கசக்கும்.

படிவத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தேதிக்கு ஒரு கோடு, மேல்மண்ணுக்கு ஒரு வரி, குழாய்க்கு ஒரு வரி, 7-ம் பத்தியில் ஒரு அடித்தல். எல்லாம் சேர்ந்து அரைப்பக்கம் வராது. கள அலுவலரையே அனுப்புங்கள், நல்ல மனிதர், அன்றைக்கு வரப்பில் நின்று அவர் சொன்னதைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று அவருக்கே தெரியும். வரும்போது அந்தச் சாய்ந்த இரண்டு குச்சிகளையும் நேராக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வரைபடத்தில் எண்ணாக மட்டும் இருக்கும் ஒரு நிலத்துக்காரர்