பறிப்பு தொடங்கும் முன்: ஏற்காட்டுத் தோட்ட உரிமையாளர் ஒருவருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மலையில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னைத் தாங்கள் அறிவீர்கள். காபிப் பழம் பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கள் லைன் வீடுகளில் தங்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, ஏறக்குறைய நம் சமையலறை வினிகரை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதலடைந்த திசு வெளுத்துத் தெரியும். இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி தொற்றியதிலிருந்து புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆவதால், இடையில் கண்டுபிடித்தால் புற்று வராமலேயே தடுக்கலாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இதே சோதனையைச் செய்த ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட, இந்நோயால் நேர்ந்த இறப்புகள் 35 விழுக்காடு குறைவாக இருந்தன. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினரே.

வடக்கிலிருந்து வரும் பெண்கள் சோதனைக்கு வராததற்கு அறியாமையே காரணம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறித்த கிலோவுக்குக் கூலி வாங்குபவள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். வீடு வீடாக நாங்கள் எழுதும் பதிவேடும் நிலையாகக் குடியிருப்போரைத்தான் பின்தொடர்கிறது. நான் எழுதியதும் அப்படித்தான். மொழியோ இன்னொரு சுவர். மாதவிலக்குக் கணக்கை மேஸ்திரி வழியாக ஒரு பெண்ணிடம் கேட்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒரு தோட்டத்தில் பறிப்பின் கடைசி வாரத்தில் முகாம் நடத்தினோம். ஒரு பெண்ணுக்குத் திசு வெளுத்திருந்தது. சேலம் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் தன்பாத் ரயிலில் ஏறிவிட்டாள். அந்தச் சீட்டைத் தமிழில்தான் எழுதியிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே முகாமை முதல் வாரத்திலேயே வைக்கும்படி வேண்டுகிறேன். கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கவும், தேவையானால் சிகிச்சை செய்யவும் மீண்டும் மீண்டும் மலையிறங்க வேண்டியிருக்கலாம்; பறிப்புக் காலம் முழுவதும் கையில் இருந்தால்தான் அது நடக்கும். மாதவிலக்கு நாட்களில் சோதனை செய்ய இயலாது என்பதால், பத்து நாள் கழித்து இன்னொரு நாளும் தேவை. அந்நாட்களுக்கு அவர்களின் வழக்கமான கூலியைக் குறையாமல் கொடுங்கள். இதைத் தங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. மொழிபெயர்க்க மேஸ்திரி வேண்டாம், அவர்களிலேயே தமிழ் பழகிய ஒரு பெண் போதும். மருத்துவமனையில் நான் பேசிவிடுகிறேன். ஆட்கள் வந்து இறங்கும் தேதியை மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள். இம்முறை சீட்டை இந்தியிலும் எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மலையின் பழைய செவிலியர்