தொட்டுத் திருத்தினால் தாள் காட்டிக்கொடுக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சீன எழுத்துக்கலையை 'எழுத்துகளை ஓவியம்போலத் தீட்டுவது' என்று எழுதியிருந்தீர்கள். புதிதாகப் பழகுபவர்களைக் கெடுப்பதே அந்த எண்ணம்தான். ஓவியத்தில் கோட்டின்மேல் மறுபடி தூரிகை ஓட்டலாம். இங்கே கூடவே கூடாது. ஒரு கோடு ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டும்.

காரணம் தாள். சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் சிங்தான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்யும் சுவான் தாள், மையைத் தொட்டவுடன் உறிஞ்சும். மேலே இரண்டாம் பூச்சு விழுந்தால், காய்ந்தபின் அந்த இடம் திட்டாகத் தெரியும். பழகுவதற்கு மூங்கில் கூழில் செய்த மஞ்சள் தாள் போதும். ஜெராக்ஸ் தாள் வேண்டாம். மை மேலேயே நிற்பதால் கை தயங்கியது தெரியாமல் போய்விடும்.

சீனத்தில் 'ஒன்று' என்ற எழுத்து வெறும் கிடைக்கோடுதான். வலப்பக்கம் போகவேண்டிய தூரிகை முதலில் இடப்பக்கம் இம்மி நகர்ந்து, முனையை உள்ளே மறைத்து, அழுத்தித் திரும்பும். நடுவில் சற்றுத் தூக்கி ஓட்டி, முடிவில் மறுபடி அழுத்தி, வந்த வழியே சிறிது மீண்டு எழ வேண்டும். தூக்க மறந்தால் கோடு உயிரில்லாமல் ஒரே தடிமனாகக் கிடக்கும். முனை ஓரத்துக்குச் சரிந்தால் ஒரு விளிம்பு வழவழப்பாகவும் மறு விளிம்பு ரம்பப் பல்லாகவும் வரும்.

மையிலும் கவனம் வேண்டும். மை உரைக்கும் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை நேராகப் பிடித்து மெதுவாக உரைக்க வேண்டும், அவசரப்பட்டால் திப்பியாகும். நேற்றைய மையில் பசை கெட்டிருக்கும், கோடு வெளிறும். கட்டியைக் கல்லின்மேல் விட்டுவைத்தால் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது கல்லும் பெயரும். தூரிகையை வெந்நீரில் கழுவாதீர்கள், மயிரைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். முனை கீழே இருக்கத் தொங்கவிடுங்கள்.

சீன எழுத்துக்கலை மேதை வாங் ஷிஜி, லான்டிங் என்ற இடத்தில் கூடியவர்கள் பாடிய கவிதைகளுக்குக் கி.பி. 353இல் எழுதிய 'லான்டிங்' முன்னுரையில் அடித்தல் திருத்தல் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. 28 வரி, 324 எழுத்து கொண்ட அந்த வரைவில் அவர் மாற்றியது சொற்களை. கோட்டின் வடிவத்தை அல்ல. மூலம் இன்று இல்லை. நகலெடுத்தவர்கள் அந்த அடித்தல்களையும் விடாமல் எடுத்திருக்கிறார்கள். ஒரே எழுத்து அதில் இருபது இடங்களுக்குக் குறையாமல் வருகிறது, இடத்துக்கு இடம் வேறு வடிவில்.

இப்படிக்கு,
வாசகர்