காட்டுக்கு ஒரு பாடவேளை தாருங்கள்

வன்னிப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். போன மார்கழி விடுமுறையில் என் அக்காவின் மகன், கூட்டாளிகள் இருவரோடு குளக்கட்டுக்கு அப்பால் உள்ள காட்டுக்குப் போனான். வயது 13. கையில் ஒரு கத்தியும் தீப்பெட்டியும். சாப்பாடு வேண்டுமென்றே கொண்டுபோகவில்லை. ரீவியில் காட்டுக்குள் தப்பிப் பிழைத்துக் காட்டும் பியர் கிறில்ஸ் கொண்டுபோவதில்லையாம். பின்னேரம் நாங்கள் தேடிப் போனபோது மூவரும் நெருப்பு மூட்டிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டு வற்றாளை என்று நினைத்துத் தோண்டியது கார்த்திகைப்பூக் கிழங்கு. அதில் உள்ள கொல்சிசின் என்ற நஞ்சு ஆளையே கொல்லும்; சுட்டாலும் போகாது. வாயில் வைக்க முன் போய்ச் சேர்ந்தோம்.

ரீவியைத் திட்ட நான் வரவில்லை. நானும் பார்ப்பவன்தான். யானை லத்தியைப் பிழிந்து அவர் தண்ணீர் குடித்ததை வீட்டோடு இருந்து பார்த்துச் சிரித்திருக்கிறோம். 2020இல் ரஜினிகாந்த் அவரோடு பந்திப்பூர் காட்டுக்குள் போன பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அவர் பிரித்தானியப் படையில் பயிற்சி பெற்றவர், கமராக்காரர்கள் கூடவே போகிறார்கள், படப்பிடிப்பின்போது சில இரவுகள் ஹோட்டலில் தங்கியது 2007இல் வெளியே வந்தது என்பதெல்லாம் பொடியன்களுக்குத் தெரியாது. இதைச் சொன்னதற்கு மருமகன் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

எனக்குப் பயம் வேறு. அந்த நிகழ்ச்சியில், தொலைந்துபோன ஆள் வழி கண்டுபிடித்து வெளியே வருவதுதான் கதை. பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்கினால்தான் கதை நகரும். 2009இல் யுத்தம் முடிந்தும் எங்கள் மண்ணில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் பாடசாலைகளில் மிதிவெடி அபாயக் கல்வி நடந்தது. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த காலடியிலேயே திரும்பவேண்டும் என்பது அப்போது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். 2009க்குப் பிறகு பிறந்தவனுக்கு அந்தப் பலகை ஒரு புதினம். கறள் பிடித்த இரும்பைக் கண்டால் ஈட்டி செய்யலாம் என்று எடுப்பான்.

பாம்பு கடித்தால் கீறி உறிஞ்சினால் சரி என்கிறான் கூட்டாளி ஒருவன். கண்ணாடி விரியன் கடித்தவரை ஆட்டாமல் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. போட்டாலும் போனில் பார்ப்பார்கள். தவணைக்கு ஒரு பாடவேளை ஒதுக்கி, தேன் எடுக்கப் போய்ப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள். பாலைப்பழக் காலத்தில் கரடி மரத்தில் இருக்கும், அண்ணாந்து பார்த்து நட என்று அவர்கள் சொல்லித் தருவார்கள்.

எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறார். 70 தாண்டிவிட்டது, பள்ளிக்கூடம் என்றால் கூச்சம். நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருகிறேன். வாயில் வெற்றிலை இருப்பதை மட்டும் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்