எல்லாவற்றுக்கும் 'சோர்வடையச் செய்' தானா? அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இருபது வருடமாக உங்கள் புத்தகங்களை மேசையில் வைத்துக்கொண்டு பிழைப்பவன் நான். மொழிபெயர்ப்புதான் தொழில். உங்கள் உழைப்பில் சாப்பிடுகிறவன் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் ஒரு கதையின் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தபோது, இதை எழுதியே தீருவது என்று முடிவுசெய்தேன்.

கதையில் ஒரு பெண். புது வேலையின் அளவு அவளை 'டான்ட்' (daunt) செய்யவில்லை. அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை 'டிஸ்ஹார்ட்டன்' (dishearten) செய்துவிடுகிறது. வேலையில் சேர்ந்த பிறகு மேலதிகாரியின் ஏளனம் 'டிமாரலைஸ்' (demoralize) செய்கிறது. மூன்றையும் அகராதியில் தேடினேன். மூன்றுக்கும் 'ஊக்கமிழக்கச் செய்', 'சோர்வடையச் செய்'. கடைசிச் சொல்லுக்கு மட்டும் உபரியாக 'ஒழுக்கங்கெடச் செய்'. அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அந்தப் பெண் ஒரே பத்தியில் மூன்று முறை சோர்வடைந்து, போதாக்குறைக்கு ஒழுக்கமும் கெட்டிருப்பாள்.

ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1828இல் வெளிவந்த தன் ஆங்கில அகராதியில் அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 'டிமாரலைஸ்' என்ற அந்தச் சொல்லுக்குக் கொடுத்த பொருளே ஒழுக்கத்தைக் கெடுப்பது என்பதுதான். அப்புறம் அது படைகளின் பக்கம் போய், வீரர்களின் மன உறுதியைக் குலைப்பது என்றானது. இன்று அலுவலகம், விளையாட்டு அணி என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பொருளில்தான் புழங்குகிறது. முதல் பொருளை நீக்கச் சொல்லவில்லை. 'பழைய வழக்கு' என்று பக்கத்தில் இரண்டு வார்த்தை போட்டால் போதும்.

இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று உறவுதான், ஆனால் இரட்டைப்பிள்ளைகள் அல்ல. 'டிஸ்கரேஜ்' (discourage), 'டிஸ்ஹார்ட்டன்' இரண்டை மட்டும் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். முன்னதில் இருக்கும் 'கரேஜ்' இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பின்னது ஆங்கிலத்தின் சொந்த 'ஹார்ட்'டை வைத்து வீட்டிலேயே செய்துகொண்டது. 'டான்ட்' வேறு சாதி. விலங்கைப் பழக்கி அடக்குவதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. எதிரே நிற்பதன் அளவைப் பார்த்தே ஆள் அடங்கிப்போவது. நம்மிடம் 'மலைப்பு' என்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொல் இருக்க, உங்களில் சிலர் 'அச்சுறுத்து' என்று ஏன் போகிறீர்கள்? 'டிப்ரெஸ்' (depress) வேரில் கீழே அழுத்துவது, 'டிஜெக்ட்' (deject) கீழே எறிவது. 'கவ்' (cow) என்ற வினையைப் பார்த்துவிட்டுப் பசுவைத் தேடிப் போன மாணவர்களை நான் அறிவேன். மிரட்டிப் பணியவைக்கும் அந்தச் சொல்லுக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 'டிஸ்மே' (dismay). 'முடியும்' என்பதற்கான பழைய ஜெர்மானிய வேர்ச்சொல் அதன் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'மே' என்ற துணைவினையும் அதே வேரில் வந்ததுதான். அதாவது, ஒன்றும் செய்ய இயலாமல் போவது. இதற்குத் தமிழில் 'கையறு' என்று இருக்கிறதே! அதை இறந்தவரைப் பாடும் பழந்தமிழ்ப் பாட்டுத் துறைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, 'டிஸ்மே'க்கு 'திகிலூட்டு' என்று போட்டால் என்ன செய்வது? திகில் பேய்க்கதைக்கு வேண்டும்.

அடுத்தது இந்த 'அடையச் செய்', 'இழக்கச் செய்'. தன்வினையும் பிறவினையும் தமிழில் பிறவியிலேயே சேர்ந்து வருபவை. மனம் உடைந்தது, மனத்தை உடைத்தது. உறுதி குலைந்தது, உறுதியைக் குலைத்தது. வாடினாள், வாட்டியது. கலங்கினாள், கலக்கியது. 'தளர்' மட்டும் முரண்டு பிடிக்கும். 'தளர்த்து' என்றால் கயிற்றைத்தான் தளர்த்துவோம், மனத்தை அல்ல. சரி, அந்த ஒரு இடத்தில் 'தளரச் செய்' என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் செய்தி வருத்தும், மதிப்பெண் மனத்தை உடைக்கும், தோல்வி ஆளைச் சாய்க்கும். உயிரில்லாதவையே எழுவாயாக நின்று எல்லாம் செய்யும். தமிழில் நாம் செய்தி கேட்டு வருந்துகிறோம், மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைகிறோம். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் ஆறுதலாக எழுதிய ஒரு வரியை, 'இது உங்களை ஊக்கமிழக்கச் செய்ய அனுமதிக்காதீர்கள்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். ஆறுதலைப் படித்தே பிள்ளை சோர்ந்துபோயிருக்கும். 'மனம் தளராதீர்கள்' என்று இரண்டே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய காரியம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அகராதியில் பிறவினை மட்டும்தான் இருந்தது. ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இல்லை.

'மனச்சோர்வு' என்ற சொல்லையும் கொஞ்சம் காப்பாற்றிக் கொடுங்கள். மருத்துவத்தில் 'டிப்ரெஷன்' என்பதற்கு அதுதான் நிலைத்திருக்கிறது. குறைந்தது 2 வாரம், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் நீடிப்பதைத்தான் மருத்துவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். யாரோ மட்டம் தட்டியதால் ஒரு மாலைப்பொழுது முகம் சுண்டிப்போவதற்கும் அதே சொல்லைப் போட்டால், நோயில் இருப்பவர் அதைச் சொல்லும்போது யார் காதில் விழும்?

பேச்சில் 'டிஸ்கரேஜ் பண்ணாதே', 'அப்செட் ஆயிட்டேன்' என்பதெல்லாம் இருக்கத்தான் செய்யும். 'மூட் அவுட்' என்பதை ஆங்கிலம் என்று நினைத்து ஆங்கில அகராதியில் தேடியவர்களும் உண்டு. அது நாமே செய்துகொண்டது. அவற்றை விரட்டச் சொல்லி நான் வரவில்லை.

அந்தக் கதையைக் கடைசியில் இப்படி முடித்தேன்: 'வேலையின் அளவைக் கண்டு அவள் மலைக்கவில்லை. அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில் மனசு விட்டுப்போயிற்று. மேலதிகாரியின் ஏளனம், கொஞ்சநஞ்சம் இருந்த உறுதியையும் குலைத்தது.' இதில் எந்தச் சொல்லும் உங்களிடமிருந்து கிடைக்கவில்லை. இந்த வகைச் சொற்களுக்கென்று ஒரு நோட்டில் எழுதிவைத்த வாக்கியங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அடுத்த பதிப்புக்கு வேண்டும் என்றால் சொல்லுங்கள், பிரதி எடுத்து அனுப்புகிறேன். காசு வேண்டாம். 'டிஸ்மே'யை மட்டும் முதலில் திருத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன் ஒருவன்