படை போன வேகத்தில் மதம் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நபிகள் நாயகத்தின் மறைவுக்குப் பின் இஸ்லாம் பரவியது குறித்து சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிரியாவில் அரபுப் படை பைசாந்தியரை (கிழக்கு ரோமப் பேரரசை) வென்ற யர்முக் போரைச் சொன்ன விதம் விறுவிறுப்பு. ஆனால் 632க்குப் பின் நூறே ஆண்டுகளில் ஸ்பெயின் முதல் சிந்து வரை மக்கள் இஸ்லாமைத் தழுவிவிட்டார்கள் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்த நூறாண்டில் அவ்வளவு தூரம் போனது ஆட்சி. அது முடிந்தபோதும் எகிப்திலும் ஈரானிலும் பெரும்பாலான குடிமக்கள் பழைய மதங்களிலேயே இருந்தார்கள்.

ஆட்சி விரைந்து பரவியதில் மாயம் ஏதுமில்லை. 602 முதல் 628 வரை பைசாந்தியமும் சாசானியப் பாரசீகமும் மோதி, இரண்டுமே ஓய்ந்துபோயிருந்தன. கிறிஸ்துவின் இயல்பு பற்றி வேறு கொள்கை கொண்டிருந்த எகிப்து, சிரியா சபைகளைப் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் ஒடுக்கிவந்தது வேறு. தலைமறைவாக இருந்த காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ) சபைத் தலைவர் பெஞ்சமின், அரபுத் தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் எகிப்தைப் பிடித்த பிறகுதான் வெளியே வந்தார். உடனே, அரபுப் படையை எகிப்தியர் மாலை போட்டு வரவேற்றதாகச் சிலர் கிளம்பிவிடுவார்கள். அதுவும் சரியில்லை. எகிப்தில் இருந்த பாபிலோன் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. போர் என்றால் போர்தான்.

வென்றவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. நபிகளுக்குப் பின் ஆண்ட கலீஃபாக்களில் இரண்டாமவரான உமர் காலத்தில் படைவீரர்கள் கூஃபா, பஸ்ரா, ஃபுஸ்தாத் என்று தனி முகாம் நகரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். திவான் என்ற பதிவேட்டில் பெயர் எழுதி, அவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. ஊர்க்கணக்கையும் வரிவசூலையும் பழைய அதிகாரிகளே பார்த்தார்கள். 643ஆம் ஆண்டின் எகிப்தியப் பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அரபுப் படைக்கு 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதற்கான ரசீது அது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டது. வாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஆட்டுக் கணக்குக்கும் நாலு வரி ஒதுக்கலாம்.

இன்னொன்று வரி. முஸ்லிம் அல்லாதார் ஜிஸ்யா என்ற தலைவரி கட்டினார்கள். அது சுமைதான், மதம் மாறியவர்களில் அதற்காகவே மாறியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் குடிகள் மாறினால் கருவூலத்துக்கு நட்டம்! ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ், மதம் மாறி நகரத்துக்கு வந்துவிட்ட உழவர்களைத் திரும்பக் கிராமத்துக்கே துரத்தி, ஜிஸ்யாவையும் விடாமல் வசூலித்தார். மாறியவர்களிடம் அந்த வரியை வாங்கக் கூடாது என்று 717இல் பதவிக்கு வந்த கலீஃபா இரண்டாம் உமர் ஆணையிட வேண்டியிருந்தது. ஊரையெல்லாம் மதம் மாற்றுவதற்காகவே படை கிளம்பியது என்றால், மாறி வந்தவர்களை ஏன் விரட்ட வேண்டும்? கட்டுரையாளர் விளக்கட்டும்.

அரபிமொழி அரசு அலுவல் மொழியானதே ஏழாம் நூற்றாண்டின் கடைசியில், கலீஃபா அப்துல் மலிக் ஆட்சியில்தான். அதுவரை டமாஸ்கஸில் கிரேக்கமும் ஈராக்கில் பாரசீகமும் கணக்குப் புத்தகங்களில் நடமாடின. ஈரானில் முஸ்லிம்கள் பெரும்பான்மையானது ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. எகிப்தில் அதற்கும் மேல் ஆகியிருக்கலாம்.

இது தொடர் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் வரைபடம் போடுவதானால் இரண்டாகப் போடுங்கள்: கலீஃபாக்களின் ஆட்சி எல்லைக்கு ஒன்று, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதிகளுக்கு ஒன்று.

தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.