ஓலையில் அப்பா பெயர்

அன்புள்ள மகன் ஜெபராஜுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடு இருப்பதாக. அம்மாவுக்கு நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நானும் படித்தேன். அந்தத் தம்பிக்கும் உனக்கும் அக்டோபரில் கோயிலில் வைத்துக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, கடைசியில், "அப்பா பேரை எங்கயும் போடல, பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்று வருஷமாக, உன் ஃபோன் வந்தால் எழுந்து வெளியே போனவன் நான். பேசினால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் உபதேசியாராக இருந்தேன். குருவானவர் வேறு ஊர் ஆராதனைக்குப் போகிற ஞாயிறுகளில் கல்யாண ஓலையை, அதாவது சபைக்கு முன்னால் சொல்கிற கல்யாண அறிவிப்பை, நான்தான் வாசிப்பேன். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று முடித்துவிட்டுச் சபையை நிமிர்ந்து பார்ப்பேன். சின்ன வயதில் நீ கேட்பாய், "யாராவது எழுந்திரிச்சா என்னப்பா செய்வீங்க?" ஒருவரும் எழுந்ததில்லை. அறிவிப்புகளோடு அறிவிப்பாக அது போய்விடும்.

அந்த ஓலைதான் உன் டொராண்டோவில் என்ன செய்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒண்டாரியோ சட்டப்படி கல்யாணத்துக்கு ஒன்று நகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும், இல்லையென்றால் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். உரிமம் கிடைக்காத இரண்டு ஜோடிகளுக்கு, ஆணும் ஆணும் ஒரு ஜோடி, பெண்ணும் பெண்ணும் ஒரு ஜோடி, பிரென்ட் ஹாக்ஸ் என்ற போதகர் ஓலை வாசித்து, 2001 ஜனவரி 14 அன்று கல்யாணத்தை நடத்திவைத்தார். அங்கிக்குள்ளே குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தாராம். பலிபீடத்தின் முன்னால் ஒரு போதகருக்கு அந்த நிலைமை! மாகாண அரசு அந்தக் கல்யாணங்களைப் பதிவு செய்ய மறுத்தது. 2003 ஜூன் 10 அன்று நீதிமன்றம்தான் பதிவு செய்யச் சொன்னது.

நீ போகிற கனடா ஐக்கிய சபை 1988இலேயே உங்களைப் போன்றவர்களும் முழு அங்கத்தினராகலாம், குருப்பட்டமும் பெறலாம் என்று தீர்மானித்ததாமே. அதற்காக அந்தச் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் சபையை விட்டார்கள், நான் மகனையே விட்டேன்.

நம் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யும் அதைப்போலப் பல சபைகள் சேர்ந்து 1947இல் உண்டானதுதான். ஆனால் இங்கே உன் ஓலையை வாசிக்க மாட்டார்கள். 2018 செப்டம்பரில் ஒருபாலுறவு குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிறு, பிரசங்கத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குச் சாபம் என்றார்கள். நான் சத்தமாக ஆமென் சொன்னேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மன்னித்துவிடு ஐயா.

ரோமர் முதல் அதிகாரமும் லேவியராகமமும் இதைக் கண்டிப்பதை நான் மறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் விடை கண்டுபிடித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரம் வாசித்தேன். எத்தியோப்பிய மந்திரி அண்ணகன், ஆண்மை நீக்கப்பட்டவன். அப்படிப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்தில் இருக்கிறது. அவன் சுவிசேஷகன் பிலிப்புவிடம், இதோ தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன என்று கேட்கிறான். எத்தனையோ முறை அதை வாசித்திருக்கிறேன், என் வாயால் எத்தனையோ ஓலைகளில் சொன்ன அதே வார்த்தை அது என்று இப்போதுதான் கண்ணில் பட்டது. பிலிப்பு உபாகமத்தைப் புரட்டவில்லை. இருவரும் ரதத்தை விட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். உனக்கு இத்தனை நாள் எழுந்து நின்ற தடை நான்தான். உட்கார்ந்துவிட்டேன்.

உன் சபையில் இன்னும் ஓலை வாசிக்கிறார்களா என்று கேள். வாசித்தால் தகப்பன் பெயர் இல்லாமல் வாசிக்கக் கூடாது. தே. சாமுவேல் என்று முழுதாகப் போடு. அம்மா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர். அழைப்பிதழ் அடித்தாயானால் அதிலும் அப்படியே.

அந்தத் தம்பியின் தகப்பனார், தாயார் பெயர்களை எழுதி அனுப்பு. நம் வீட்டு ஜெபத்தில் இரவு உன் பெயரைச் சொல்லும்போது அவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும், எனக்கு உச்சரிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொல்லிக்கொடு.

அன்புள்ள,
அப்பா