1918 விஷக்காய்ச்சலில் மாண்டவர்களைக் குடும்ப வரலாற்றில் எழுதி வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1918-ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்றைப் பற்றி எழுதுகிறவர்கள், ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகக் காவலர்கள் காய்ச்சலில் விழுந்ததில் தொடங்கி, அக்டோபர் 6 அன்று அந்நகரில் ஒரே நாளில் 768 பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, இந்தியாவில் மாண்டவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர் என்றும் 2 கோடி பேர் என்றும் கூறப்படும் மதிப்பீடுகளோடு முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த எண்கள் அவசியமானவையே. ஆயினும், அவ்வாறு மாண்டவர்கள் யார், அவர்கள் போன பிறகு அந்த வீடுகளில் என்ன நேர்ந்தது, அந்தச் சாவுகளுக்காக யார் மீது பழி விழுந்தது என்பவற்றை எந்த அரசு அறிக்கையும் சொல்லாது. குடும்பங்கள்தாம் சொல்ல வேண்டும். அதை நேரில் கண்டவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கே இப்போது எழுபது வயதாகிறது என்பதால், இனியும் தாமதிக்கக் கூடாது என்ற கவலையுடன் எங்கள் குடும்பத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். என் கொள்ளுத்தாத்தாவுக்கு அங்கே ஒரு வேலிக்கு, அதாவது ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்கு, சற்றுக் குறைவான நன்செய் இருந்தது. அவருடைய தம்பி நாகப்பட்டினத்தில் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை பொன்மலைக்கு மாற்றப்படுவதற்கு முன் அங்கேதான் இருந்தது. காய்ச்சல் ரயில் பாதைகளின் வழியாகவே ஊர் ஊராகப் பரவியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், உடம்பு முடியாமல் ரயிலேறி வீடு வந்து சேர்ந்த அந்தச் சின்னத் தாத்தாவைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். அவர் வந்த சில நாட்களில் வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். முதலில் அவர் இறந்தார். அடுத்த வாரத்திற்குள், மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் கொள்ளுப்பாட்டி இறந்தார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் தாத்தாவுக்கு நான்கு வயது, அவருடைய அக்காவுக்கு ஆறு வயது.

இந்த விவரங்களில் பெரும்பகுதியை அந்த அக்கா, அதாவது என் தந்தையின் அத்தை, தம் எண்பதாவது வயதிலும் தெளிவாகச் சொல்லுவார். குழந்தைகள் இருவரையும் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்ததையும், அம்மாவை எடுத்துப்போன அன்று பாடைக்கு நான்கு ஆள் கூடாமல் எதிர்த் தெருவில் காய்ச்சல் விட்டு எழுந்திருந்த ஒருவரைக் கெஞ்சி அழைத்து வந்ததையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பறையும் இல்லை, ஒப்பாரி வைக்கவும் ஆள் இல்லை என்பதே அவருக்குக் கடைசிவரை ஆறாத குறையாக இருந்தது.

நாட்களை உறுதிசெய்ய எங்களுக்கு உதவியவை திதிகள். கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமி, கொள்ளுப்பாட்டிக்கு அதே ஐப்பசித் தேய்பிறைத் தசமி என்று என் தாத்தா ஆண்டுதோறும் திதி கொடுத்துவந்தார். ஆண்டு காளயுக்தி என்று கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் இரண்டு சாவுகளும் 1918 அக்டோபரின் பிற்பகுதியில் விழுகின்றன. பெருந்தொற்றின் கொடிய இரண்டாவது அலை சென்னை மாகாணத்தை வாட்டிய காலம் அது. நீளவாக்கில் தைக்கப்பட்ட அந்தக் கணக்குப் புத்தகத்தில், தம்பியின் கருமாதிச் செலவு கோடி வேட்டி, வெற்றிலை, அரிசி என்று வரி வரியாகக் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் கையெழுத்து மாறிவிடுகிறது. வேறு யாரோ எழுதிய மூன்றே வரிகளில் கொள்ளுப்பாட்டியின் காரியம் முடிந்துபோகிறது. விறகு, எண்ணெய், வெட்டியான் கூலி. கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து மார்கழியில்தான் மறுபடியும் வருகிறது. அவரும் அந்த இடைவெளியில் படுக்கையில் கிடந்தார் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

வழக்கமான சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும்தான் அதிகம் கொண்டுபோகும். 1918-இல் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்கள் பெருமளவில் இறந்தார்கள். கருவுற்றிருந்த பெண்களுக்கு ஆபத்து மேலும் அதிகம். பிற நாடுகள் பலவற்றைப் போலன்றி இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் பெண்களே. வீட்டில் கடைசியாகவும் குறைவாகவும் சாப்பிட்டவர்களும் அவர்களே. அந்த ஆண்டு மழை பொய்த்து, போர்க்கால விலையேற்றமும் சேர்ந்து, செப்டம்பரில் சென்னை நகரத்தில் தானியக் கடைகள் சூறையாடப்படும் நிலை வந்திருந்தது. வைரஸ் தொற்றைத் தொடர்ந்து நுரையீரலில் பாக்டீரியாக்கள் பெருகி வந்த நிமோனியாவே பெரும்பாலான உயிர்களைப் பறித்தது என்று இன்று தெரிகிறது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-இல். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் பிரித்தறியப்பட்டது 1933-இல். சுக்குக் கஷாயமும் கஞ்சியும் தவிர அந்த வீட்டில் வேறு எதுவும் இருந்திருக்க முடியாது.

இவர்களுடைய சாவு அரசுப் பதிவில் எப்படி இருந்திருக்கும்? அக்காலத்தில் கிராமத்தின் பிறப்பு, இறப்புக் கணக்கை எழுதியவர் மருத்துவர் அல்லர். எங்கள் பக்கத்தில் பட்டாமணியம் என்று அழைக்கப்பட்ட கிராம முன்சீப். காலரா, பெரியம்மை, பிளேக் போன்ற சில நோய்களுக்குத் தனித்தனி இனம் உண்டு. மற்றக் காய்ச்சல்கள் எல்லாம் பொதுவாகச் சுரம் என்ற ஒரே இனத்தில் சேர்க்கப்பட்டன. எழுத வேண்டியவரே படுக்கையில் விழுந்த ஊர்களில் அதுவும் நடக்கவில்லை. ஆகவேதான் பின்னாளில் அறிஞர்கள் வழக்கமான ஆண்டுகளின் சாவுகளைக் கழித்துப் பார்த்தும், 1921 மக்கள்தொகைக் கணக்கை வைத்தும் மதிப்பிட வேண்டியதாயிற்று. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் சுமார் 25 கோடியே 21 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1921-இல் சுமார் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்திருந்தது. மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். தமிழ்நாட்டு எல்லைக்குள் அப்படிக் குறையவில்லை. சிறிதளவு கூடியே இருந்தது. பம்பாய் மாகாணத்தையும் மத்திய மாகாணங்களையும் ஒப்பிட்டால் இங்கே சாவு குறைவு என்பதும் உண்மை. இதனாலேயே தமிழ்நாட்டில் இந்தப் பெருந்தொற்று பெரிதாக நினைக்கப்படாமல் போயிற்று என்பது என் கருத்து. மாகாணக் கணக்கில் குறைவாகத் தெரிந்தது எங்கள் வீட்டுக்குக் குறைவாக இல்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மறு ஆண்டு, கொள்ளுப்பாட்டியின் தங்கையையே கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார்கள். தாய் இறந்த பிள்ளைகளைச் சித்தியே வளர்ப்பது நல்லது என்று கருதிய காலம் அது. என் தாத்தா அவரையே அம்மா என்று அழைத்து வளர்ந்தார். பெற்ற தாய் வேறு ஒருவர் என்பது விவரம் தெரிந்து திதி கொடுக்க உட்கார்ந்த போதுதான் அவருக்கு விளங்கியது. அதே 1919-இல் ஐந்து மா நிலம், அதாவது கால் வேலி, போக்கியத்துக்குப் போயிற்று. திரும்ப மீட்கப்படவே இல்லை. சீட்டாட்டத்தில் நிலத்தை இழந்தவர் என்றுதான் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் பங்காளிகள் இரண்டு தலைமுறைகளாகப் பேசிவந்தார்கள். பத்திரத்தை எடுத்துப் படித்தபோது, தம்பியும் மனைவியும் காலகதி அடைந்துவிட்டபடியால் ஏற்பட்ட காரியச் செலவுக்கும் குடும்ப ஜீவனத்துக்கும் வாங்கிய கடன் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஊதாரி என்ற பெயரோடு அந்த மனிதர் செத்துப்போனார்.

அவருக்காவது ஒரு பத்திரம் இருந்தது. தம்பியின் மனைவிக்கு அதுவும் இல்லை. அந்த ஆண்டு வைகாசியில் திருமணமாகி வந்த அவருக்குப் பதினாறு அல்லது பதினேழு வயது இருக்கும். கணவர் இறந்ததும், அதே வாரத்தில் மூத்த ஓரகத்தி இறந்ததும் இவள் கால் வைத்த ராசி என்று பேசினார்கள். காய்ச்சல் விடாமல் இருக்கும்போதே, வண்டி கட்டிக்கொண்டு வந்த அண்ணனோடு அவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஐப்பசியில் நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு இளவயதினர் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தால், ஒரு சிறுபெண்ணின் ராசியில் அதைக் கட்டியிருப்பார்களா? நோயின் பெயர் அறியாத வீடுகள் எத்தனையோ பெண்களை இப்படித் தண்டித்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. தெய்வக் குற்றம், செய்வினை, நேர்த்திக்கடன் பாக்கி, மருமகள் ராசி என்று நம் குடும்பங்களில் வழங்கிவரும் பழங்கதைகளில் ஆண்டையும் மாதத்தையும் விசாரித்துப் பார்த்தால், அவற்றில் சில 1918 ஐப்பசி, கார்த்திகையில் போய் நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பழியைத் துடைக்க வேண்டியது அந்தக் குடும்பங்களில் பிறந்த நம் கடமை.

பெரியவர்களிடம், இன்ஃப்ளூயன்சாவில் இறந்தவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தப் பெயரில் அவர்கள் அதைக் கேள்விப்பட்டதில்லை. நம் வீட்டில் யார் இரண்டாம் தாரம், ஒரே மாதத்தில் இரண்டு திதி ஏன் வருகிறது, எந்தப் பங்காளியின் வம்சம் அற்றுப்போயிற்று, எந்த நிலம் எப்போது கைமாறியது என்று கேட்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் தீபாவளி எடுப்பதில்லை என்று சொல்லும் வீடுகளும் விசாரிக்கத் தக்கவை. அந்த ஆண்டுத் தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில், சாவுகளின் நடுவே வந்தது. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்களிடமிருந்து திடீரென்று கடிதம் நின்றுபோன குடும்பங்கள், அது நின்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். மலாயாவில் தோட்டத் தொழிலாளரான தமிழர்களை இந்தக் காய்ச்சல் மிகக் கடுமையாகத் தாக்கியது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 1980-இல் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பணியிடங்கள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்ட பிறகு, பழைய கிராமக் கணக்குகள் பல கைமாறின. வட்ட அலுவலகங்களின் பதிவறைகளிலோ, முன்னாள் கர்ணம், மணியம் வீடுகளின் பரண்களிலோ 1918, 1919 ஆண்டுகளின் இறப்புப் பதிவேடுகள் எஞ்சியிருக்குமானால், கரையான் அரிப்பதற்குள் அவற்றைத் திரட்டி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, படியெடுத்து, பொதுமக்கள் ஊர்வாரியாகத் தேடிப் பார்க்க வழிசெய்ய வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அது சரியான மரியாதையே. 1918-இல் பாயில் கிடந்து செத்த உழவர்களுக்கும் தாய்மார்களுக்கும் கல் வேண்டாம். பெயரும் ஊரும் உள்ள ஒரு பதிவேடு பாதுகாக்கப்பட்டால் போதும்.

தங்கள் நாளிதழும் வாசகர்களிடமிருந்து இத்தகைய குடும்பக் குறிப்புகளைப் பெற்று, இயன்றபோது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இறுதியாக, எங்கள் குடும்பத்தின் சார்பில் ஒரு விசாரிப்பு. பிறந்தகம் அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணை என் தந்தையின் அத்தை, கொரடாச்சேரிச் சின்னம்மா என்று ஊர்ப் பெயரால்தான் குறிப்பிடுவார். சொந்தப் பெயர் அவருக்கும் நினைவில் இல்லை. காளயுக்தி ஐப்பசியில் பாபநாசம் பக்கத்திலிருந்து விதவையாகக் கொரடாச்சேரி வட்டாரத்துக்குத் திரும்பிய ஒருவரைத் தங்கள் வீட்டில் அத்தையாகவோ பாட்டியாகவோ கேள்விப்பட்டவர்கள் இருந்தால், ஆசிரியர் வழியாக எனக்கு எழுதுமாறு வேண்டுகிறேன். எங்கள் வம்சாவளியில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். அவர் வழியினரை நேரில் வந்து பார்த்து, எங்கள் வீட்டார் அவருக்குச் செய்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.